தாழி உடையாத ஒரு சீசன்: க்ரூஸ் அசுல், 2021

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று நாம் சொல்வதை மெக்சிகோக்காரர்கள் ஒரே வினைச்சொல்லில் முடித்துவிடுகிறார்கள்: க்ரூஸசுலேயார். க்ரூஸ் அசுல் என்ற கால்பந்து கிளப்பின் பெயரிலிருந்து பிறந்த சொல் அது. கைக்குள் இருந்த வெற்றியைக் கடைசி நேரத்தில் கோட்டைவிடுவது என்று பொருள். தேர்தலில் தோற்ற வேட்பாளருக்கும் சொல்வார்கள், பரீட்சையில் ஒரு மதிப்பெண்ணில் போனவனுக்கும் சொல்வார்கள்.

அந்தக் கிளப் 2021 மே மாதம் லீக் கோப்பையை வென்றது. அதற்கு ஆறு மாதம் முன்பு அதன் வரலாற்றிலேயே மோசமான தோல்விகளில் ஒன்றைச் சந்தித்திருந்தது. வென்ற ஒரு வருடத்துக்குள் பயிற்சியாளரை அனுப்பியும் விட்டது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் நடந்தது புரியும். ஆட்களைப் பெயரால் சொல்லாமல் அவர்கள் வகித்த இடத்தால் குறிப்பிடுகிறேன். கிளப்புகளின் பெயர்கள் அப்படியே இருக்கின்றன.

பின்னணி

க்ரூஸ் அசுல் ஒரு சிமென்ட் தொழிற்சாலையின் அணியாகப் பிறந்தது. மெக்சிகோவின் இதால்கோ மாநிலத்தில், ஹஸ்ஸோ என்ற ஊரில், 1927இல். தொழிற்சாலை பின்னர் தொழிலாளர் கூட்டுறவாக மாறியது. கிளப் இன்றுவரை அந்தக் கூட்டுறவின் கையில்தான் இருக்கிறது. ரசிகர்கள் அணியைச் செல்லமாக 'இயந்திரம்' என்கிறார்கள். 1970களில் அந்தப் பெயருக்கு அர்த்தம் இருந்தது. 1971-72 தொடங்கி அடுத்தடுத்து மூன்று சீசன் பட்டங்கள், அந்தப் பத்தாண்டின் முடிவில் மேலும் இரண்டு.

எட்டாவது பட்டம் 1997 டிசம்பரில் வந்தது. லியோன் நகரில் நடந்த இறுதியின் கூடுதல் நேரத்தில், எதிரணி கோல்கீப்பரின் உதை முகத்தில் பட்டு, ரத்தம் வழிந்த முகத்தோடு முன்கள வீரர் பெனால்டி அடித்தார். கோல்டன் கோல் விதி இருந்த காலம். பந்து வலைக்குள் போனதும் ஆட்டம் முடிந்தது.

அதற்குப் பிறகு வந்த வரிசை இது. 1999இல் பச்சுகாவிடம், சொந்த மைதானத்தில், கோல்டன் கோலில் தோல்வி. 2001இல் தென் அமெரிக்காவின் லிபெர்தடோரெஸ் கோப்பை இறுதியில் போகா ஜூனியர்ஸிடம் பெனால்டியில் தோல்வி. 2008இல் ஒரே வருடத்தில் இரண்டு இறுதிகள், இரண்டிலும் தோல்வி. 2009இல் மோன்டெர்ரேயிடம். 2018இல் மெக்சிகோ நகரத்து அணியான கிளப் அமெரிக்காவிடம். இடையில் உள்நாட்டுக் கோப்பைகளும், 2014இல் வட, மத்திய அமெரிக்க, கரீபிய நாடுகளின் கால்பந்து அமைப்பான கான்ககாஃப் நடத்தும் போட்டியின் பட்டமும் வந்தன. லீக் மட்டும் வரவில்லை.

2013 இறுதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த வினைச்சொல்லுக்கு முழு உயிர் கொடுத்த இரவு அது. ஆளுக்கு ஒரு மைதானத்தில் இரண்டு ஆட்டமாக நடக்கும் இறுதி அது, ஒவ்வொரு ஆட்டமும் ஒரு லெக். முதல் லெக்கை க்ரூஸ் அசுல் 1-0 என்று வென்றிருந்தது. இரண்டாவது லெக்கில் அமெரிக்கா அணியில் ஒருவர் ஆரம்பத்திலேயே சிவப்பு அட்டை வாங்கினார். க்ரூஸ் அசுல் இன்னொரு கோலும் அடித்தது. மொத்தக் கணக்கு 2-0, எதிரே பத்து பேர், 88 நிமிடம் ஓடிவிட்டது. அப்போது ஒரு கோல் விழுந்தது. கூடுதல் நிமிடங்களில் ஒரு கார்னர். அமெரிக்காவின் கோல்கீப்பர் தன் வலையைக் காலியாக விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் ஓடிவந்து, பாய்ந்து தலையால் முட்டினார். பந்து ஒரு தடுப்பாளர் மேல் பட்டுத் திசைமாறி உள்ளே போனது. பெனால்டியில் அமெரிக்கா வென்றது. அன்று க்ரூஸ் அசுலின் கோலில் நின்றவர்தான் 2021இலும் நின்றார்.

போட்டியின் விதிகளை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். மெக்சிகோவில் வருடத்துக்கு இரண்டு லீக் பட்டங்கள். 18 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 17 ஆட்டம். அந்தக் காலத்தில் முதல் நான்கு அணிகள் நேராகக் காலிறுதிக்குப் போகும். 5 முதல் 12 வரை உள்ளவை ஒற்றை ஆட்டத்தில் மோதி மிச்ச நான்கு இடங்களைப் பிடிக்கும். அப்புறம் எல்லாம் இரண்டு லெக். மொத்தக் கோல் சமமானால் வெளியூரில் அடித்த கோல் அதிகமுள்ள அணி. அதுவும் சமமானால் பட்டியலில் மேலே இருந்த அணி. இறுதிக்கு மட்டும் இந்த இரண்டு விதிகளும் கிடையாது.

2020: கவனித்தவை

2020ஆம் ஆண்டின் முதல் போட்டியில் க்ரூஸ் அசுல் பட்டியலில் முதலிடம். பத்து சுற்று முடிந்த நிலையில் பெருந்தொற்று வந்தது, போட்டியே ரத்தானது, சாம்பியன் என்று யாரையும் அறிவிக்கவில்லை. ரசிகர்கள் சிரித்தே விட்டார்கள். இதற்கு மேல் என்ன நடக்க வேண்டும்?

நடந்தது. கூட்டுறவை முப்பது வருடத்துக்கும் மேலாக நடத்திவந்த தலைவர் மீது நிதி முறைகேடு தொடர்பான குற்றச்சாட்டில் கைது ஆணை பிறந்தது. அவர் கோடையில் பதவி விலகினார். கூட்டுறவுக்குள் இரண்டு கோஷ்டிகள் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு நின்றன. கிளப்பின் முதலாளி யார் என்பதே தெளிவாக இல்லாத நிலையில், சுகாதாரப் பணியாளர்களைக் கௌரவிக்கும் விதமாக 'காவலர்கள்' என்று பெயரிட்ட அடுத்த போட்டி தொடங்கியது.

அணி அதில் மோசமில்லை. நான்காம் இடம். உருகுவேக்கார முன்கள வீரர் 12 கோல் அடித்து அதிக கோல் பட்டியலில் முதலிடம் பிடித்தார். டிசம்பர் 3ஆம் தேதி அரையிறுதியின் முதல் லெக்கில் பூமாஸ் அணியை 4-0 என்று நொறுக்கினார்கள். மூன்று நாள் கழித்து, பார்வையாளர் இல்லாத பல்கலைக்கழக மைதானத்தில், பூமாஸ் அதே 4-0ஐத் திருப்பிக் கொடுத்தது. நான்காவது கோல் ஆட்டம் முடிய ஒன்றிரண்டு நிமிடமே இருக்கும்போது விழுந்தது. மொத்தம் 4-4, இரண்டு பக்கமும் வெளியூர் கோல் பூஜ்யம், பட்டியலில் பூமாஸ் இரண்டாவது, க்ரூஸ் அசுல் நான்காவது. வெளியேறியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

பயிற்சியாளர் விலகினார். பத்து நாள் கழித்து, ஆர்லாண்டோவில் கான்ககாஃப் சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் லாஸ் ஏஞ்சலஸ் எஃப்சியிடம் ஒரு தற்காலிகப் பயிற்சியாளரின் கீழ் 2-1 என்று தோற்றார்கள். ஆக, டிசம்பர் முடியும்போது அணிக்குப் பயிற்சியாளர் இல்லை, முதலாளி குறித்து வழக்கு, வீரர்கள் தலையில் நாலு கோல். ஜனவரி 10ஆம் தேதி அடுத்த சீசன்.

முடிவுகளும் காரணங்களும்

புத்தாண்டின் முதல் நாட்களில் புவேப்லா அணியிலிருந்து ஒரு பெரு நாட்டுப் பயிற்சியாளரை எடுத்தார்கள். 1997இல் கோப்பை வென்ற அணியின் கேப்டன் அவர். பாசத்தால் எடுத்த முடிவு என்று இதைத் தள்ளிவிடலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. சின்ன பட்ஜெட் அணியான புவேப்லாவை முந்தைய சீசனில் காலிறுதி வரை கொண்டுபோனவர் அவர். கோல் விடாமல் இருப்பதிலிருந்து தொடங்குகிறவர். நாலு கோல் வாங்கிய அணிக்கு அப்படிப்பட்டவர்தான் தேவை. அதோடு, அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு லீக் கோப்பையைத் தூக்கிய அனுபவம் உள்ள ஒருவர் உடைமாற்றும் அறையில் இருப்பார். வீரர்களில் அப்படி ஒருவர்கூட இல்லை.

இரண்டாவது முடிவு, கலைக்காதது. டிசம்பர் தோல்விக்குப் பிறகு பாதி அணியை மாற்று என்ற கூச்சல் இருந்தது. கோல்கீப்பர், 2008 இறுதிகளின் காலத்திலிருந்தே கிளப்பில் இருந்த மத்தியத் தடுப்பாளர், உருகுவே முன்கள வீரர், நடுக்களத்து முதுகெலும்பு என்று எல்லோரும் இருந்தார்கள். பணத் தட்டுப்பாடும் நிர்வாகக் குழப்பமும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். வாங்க முடியாததால் வைத்துக்கொண்டார்கள் என்றாலும், விளைவு விளைவுதான்.

முதல் ஆட்டம் தொர்ரெயோனில் சாந்தோஸ் லகுனாவிடம் 1-0 தோல்வி. இரண்டாவது ஆட்டம் அப்போதைய சொந்த மைதானமான அஸ்டெகாவில், அதுவும் பயிற்சியாளரின் பழைய அணியான புவேப்லாவிடம், 1-0 தோல்வி. இரண்டு ஆட்டம், பூஜ்யம் கோல், பூஜ்யம் புள்ளி. மெக்சிகோவில் இதைவிடக் குறைந்த காரணத்துக்குப் பயிற்சியாளர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

என் பார்வையில் இந்த சீசனின் மையம் இங்கேதான் இருக்கிறது, பின்னால் வந்த வெற்றித் தொடரில் இல்லை. கிளப் வாயைத் திறக்கவில்லை. பயிற்சியாளரும் எல்லாவற்றையும் தலைகீழாகப் புரட்டவில்லை. இரண்டு தோல்வியும் ஒரு கோல் வித்தியாசம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு மாதம் முன்பு நாலு கோல் வாங்கிய அணி, இப்போது ஆட்டத்துக்கு ஒன்று வாங்குகிறது. பட்டியலைப் பார்த்தவருக்கு அணி அடியில் கிடந்தது. ஆட்டத்தைப் பார்த்தவருக்குக் கூரை ஒழுகுவது நின்றுவிட்டது தெரிந்திருக்கும். இனி அடிப்பதை மட்டும் சரிசெய்தால் போதும்.

சரிசெய்தார்கள். மூன்றாவது சுற்றில் பச்சுகாவை 1-0. அங்கிருந்து தொடங்கி 14வது சுற்றில் குவாதலஹாராவை 1-0 என்று வெல்லும் வரை தொடர்ச்சியாக 12 வெற்றி. 2019இல் லியோன் அணி வைத்த சாதனைக்குச் சமம். 15வது சுற்றில் அமெரிக்காவோடு 1-1 சமநிலையில் தொடர் முடிந்தது. மொத்தம் 13 வெற்றி, 2 சமநிலை, 2 தோல்வி, 41 புள்ளி. 17 ஆட்டப் போட்டிகளில் அதுவும் லியோனின் சாதனைக்குச் சமம்.

இடையில் ஏப்ரல், மே மாதங்களில் கான்ககாஃப் சாம்பியன்ஸ் லீக்கிலும் ஆடி, ஹைட்டியின் ஆர்கஹாயே அணியையும் டொரொன்டோவையும் தாண்டினார்கள். அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. கால்கள் களைத்துவிடும் என்று எல்லோரும் பயந்தார்கள், அவ்வளவுதான்.

காலிறுதியிலிருந்து

முதலிடம் என்பதால் எல்லாச் சுற்றிலும் இரண்டாவது லெக் சொந்த ஊரில். டிசம்பரில் தங்களை வெளியேற்றிய அதே 'பட்டியலில் மேலே' விதி இப்போது தங்கள் பக்கம்.

காலிறுதியில் எதிரணி டொலுகா. 11வது இடத்தில் முடித்து, நடப்பு சாம்பியன் லியோனைப் பெனால்டியில் வீழ்த்திவிட்டு வந்த அணி. முதல் லெக்கில் 2-1 என்று டொலுகா வென்றது. உடனே அந்த வினைச்சொல் ஊர் முழுக்க ஓடியது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், வெளியூரில் அடித்த அந்த ஒரு கோலால் அஸ்டெகாவில் 1-0 என்ற வெற்றியே போதும். முழு வீச்சில் பாய வேண்டிய அவசியம் இல்லை. 3-1 என்று முடித்தார்கள். அதே வார இறுதியில் இரண்டாம் இடத்து அமெரிக்கா, பச்சுகாவிடம் மொத்தம் 5-5 என்று சமமாகி வெளியூர் கோல் விதியில் வெளியேறியது. க்ரூஸ் அசுலுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. 2013, 2018 இரண்டு இறுதிகளிலும் தங்களைத் தோற்கடித்த அணி வழியிலிருந்து தானாக விலகியது. அதிர்ஷ்டத்தை அதிர்ஷ்டம் என்றே எழுத வேண்டும்.

அரையிறுதி அந்தப் பச்சுகாவோடு. முதல் லெக் 0-0. இது நல்ல முடிவு போலத் தெரியும், ஆனால் உள்ளே ஒரு முள் இருக்கிறது. அஸ்டெகாவில் 0-0 என்றால் பட்டியல் விதிப்படி க்ரூஸ் அசுல். 1-1 என்றால் வெளியூர் கோல் விதிப்படி பச்சுகா. அதாவது க்ரூஸ் அசுல் ஒரு கோல் அடித்து முன்னிலை பெற்றாலும், பச்சுகா ஒன்று திருப்பினால் கதை முடிந்தது. இந்தக் கிளப்பின் பழைய வியாதிக்கு இதைவிடப் பொருத்தமான சோதனையை யாராலும் வடிவமைத்திருக்க முடியாது.

இருபது வயதான முன்கள வீரர் ஒருவர் கோல் அடித்தார். அவருடைய அப்பா 2013இல் தோற்ற அணியில் ஆடியவர். அதற்குப் பிறகு மிச்சம் இருந்த நேரம் முழுக்க அணி பந்தைத் தன் பெட்டிக்கு வெளியே வைத்துக்கொள்வதைத் தவிர வேறெதிலும் ஆர்வம் காட்டவில்லை. பார்க்கச் சகிக்காத கால்பந்து என்று சொன்னவர்கள் உண்டு. 1-0 என்று முடிந்தது.

இறுதியில் சாந்தோஸ் லகுனா. சீசனின் முதல் நாளில் தோற்கடித்த அதே அணி, மே 27 அன்று அதே தொர்ரெயோன். இரண்டாம் பாதியில் நடுக்கள வீரர் ஒருவர் அடித்த கோலில் 1-0. மூன்று நாள் கழித்து அஸ்டெகா. தொற்றுக் கட்டுப்பாட்டால் மைதானத்தின் ஒரு பகுதியில்தான் ஆட்கள்.

36வது நிமிடம் சாந்தோஸ் கோல் அடித்தது. மொத்தம் 1-1. இறுதியில் வெளியூர் கோலும் கிடையாது, பட்டியலும் கிடையாது. எல்லோரும் எதிர்பார்த்த இடத்துக்கு ஆட்டம் சரியாக வந்து நின்றது. இடைவேளை அந்த நிலையிலேயே. இடைவேளையில் உள்ளே என்ன பேசினார்கள் என்பதைப் பற்றி ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள், அதை விட்டுவிடலாம். வெளியே தெரிந்தது இதுதான்: அவர்கள் பதறவில்லை. கோலுக்கு நேராகப் பந்துகளைத் தூக்கிப் போடவில்லை. 51வது நிமிடம் உருகுவேக்காரர் உள்ளே புகுந்து 1-1 ஆக்கினார். மொத்தம் 2-1. அப்புறம் சுமார் நாற்பது நிமிடம் தாழியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆறு ஆட்டத்தில் அடித்தது ஏழு, வாங்கியது நான்கு. கிளப்பின் ஒன்பதாவது பட்டம், 23 வருடம் ஐந்து மாதம் கழித்து. கோப்பையைத் தூக்கியவர் 2013இல் அந்தத் தலைமுட்டல் கோலை வாங்கிய கோல்கீப்பர்.

பின் விளைவுகள்

ஜூலையில் லியோனை 2-1 என்று வென்று சாம்பியன்களின் சாம்பியன் கோப்பையும் வந்தது. நல்ல செய்திகள் அத்தோடு சரி.

அடுத்த போட்டியில் எட்டாம் இடம். காலிறுதிக்கான ஒற்றை ஆட்டத்தில் சொந்த மைதானத்தில் மோன்டெர்ரேயிடம் 4-1 தோல்வி. கான்ககாஃப் அரையிறுதியிலும் அதே மோன்டெர்ரே, மொத்தம் 5-1. 2022 தொடங்கும் சமயத்தில் அணி கரைந்தது. இறுதியில் அஸ்டெகா கோலை அடித்த உருகுவேக்காரர் சவுதிக்குப் போனார். தொர்ரெயோன் கோலை அடித்த நடுக்கள வீரர் மோன்டெர்ரேக்கு. ஒரு விங்கர் குவாதலஹாராவுக்கு, ஒரு நடுக்கள வீரர் ஸ்பெயினுக்கு, இன்னொருவர் தன் சொந்த நாடான பெருவுக்கு. மே மாதக் காலிறுதியில் டிக்ரேஸிடம் சொந்த ஊரில் 0-1, வெளியூரில் 1-0. வெளியூர் கோல் விதியை அதற்குள் நீக்கிவிட்டிருந்தார்கள். அது இருந்திருந்தாலும் கணக்கு மாறியிருக்காது, ஆளுக்கு ஒன்று. பட்டியல் விதியில் வெளியேற்றம். பயிற்சியாளரை அனுப்பினார்கள். 2022 ஆகஸ்டில், புதிய பயிற்சியாளரின் கீழ், அமெரிக்காவிடம் 7-0.

என்ன மாறியிருக்கலாம்

சாபம் நீங்கியது என்று அந்த மே மாதம் எழுதாத பத்திரிகை இல்லை. அப்படிப் படித்ததுதான் பிறகு வந்த பிழைகளுக்கு வழிவிட்டது என்று நினைக்கிறேன். சாபம் என்று ஒன்று இருந்து அது நீங்கிவிட்டால், இனி எல்லாம் தானாக நடக்கும். ஆனால் நடந்தது வேறு: ஒரு தடுப்பாட்ட ஒழுங்கு, தற்செயலாகக் கலையாமல் இருந்த ஒரு அணி, இரண்டு தோல்வியைப் பொறுத்துக்கொண்ட ஒரு நிர்வாகம், கொஞ்சம் அதிர்ஷ்டம். இந்த நான்கில் அணியைக் கலையாமல் வைப்பது மட்டும்தான் பணத்தாலும் ஒப்பந்தத்தாலும் நீட்டிக்கக்கூடியது. அதைத்தான் முதலில் விட்டார்கள்.

2021 ஜூன் மாதமே முக்கியமான ஐந்தாறு வீரர்களின் ஒப்பந்தத்தை உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். எல்லோரையும் தக்கவைக்க முடியாது என்றால் இரண்டு பேரைக் கோடையிலும் இரண்டு பேரைக் குளிர்காலத்திலும் என்று பிரித்து அனுப்பியிருக்கலாம். ஐந்து பேர் ஒரே நேரத்தில் கிளம்பிய இடத்தை எந்தப் பயிற்சியாளரும் ஒரு மாதத்தில் அடைக்க முடியாது. கூட்டுறவுக்குள் கோஷ்டிச் சண்டை ஓயாத நிலையில் அப்படித் திட்டமிட யார் கையெழுத்துப் போட்டிருப்பார்கள் என்பது நியாயமான கேள்வி. கிளப்பின் கையெழுத்து அதிகாரத்தைக் கூட்டுறவின் வழக்கிலிருந்து பிரித்து வைப்பது கோடையின் முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும்.

பயிற்சியாளர் விஷயத்தில் என் எண்ணம் கொஞ்சம் ஊசலாடுகிறது. கடைசி வருடத்தில் அவருடைய அணி அடிப்பதையே மறந்துவிட்டது என்ற புகாரில் உண்மை உண்டு. ஆனால் 2021 ஜனவரியில் இரண்டு தோல்விக்குப் பிறகு ஆட்டத்தைப் பார்த்து முடிவெடுத்த அதே நிர்வாகம், 2022 மேயில் பட்டியலைப் பார்த்து முடிவெடுத்தது. டிக்ரேஸ் மைதானத்தில் போய் 1-0 என்று வென்ற இரவுக்குப் பிறகு அவரை அனுப்பினார்கள்.